பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய வேகம்: வேலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எமது தம்புள்ளை நாட்டின் இரு பெரும் வீதிகள் சந்திக்கும் ஊர். கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் ஊடாகத் திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-6 வீதியும் இங்கேதான் ஒன்று சேர்கின்றன. பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிகள், தூர இடத்து பஸ்கள், முச்சக்கர வண்டிகள் என இரவு பகலாக ஓயாத போக்குவரத்தை நாம் பார்த்தே வளர்ந்திருக்கின்றோம். அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு மொரிஸ் மைனர், வயதைக் கேட்காதீர்கள் என்பது போல, மெல்லச் சென்றுகொண்டிருக்கும்.

2020 மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவது பல குடும்பங்களுக்கு வழமையாயிற்று. திருத்துவதோடு சேர்ந்து இன்னோர் ஆசையும் இளைஞர்களிடையே உண்டு. "கொஞ்சம் மாற்றிப் போட்டால் இன்னும் வேகமாகப் போகும்" என்பதே அது. சைலன்ஸரை மாற்றுவது, காபரேட்டரை மாற்றுவது, வேறு என்ஜின் பொருத்துவது என்று பேச்சு எப்போதும் என்ஜினிலேயே தொடங்குகின்றது.

ஆனால், இத்துறையை முறையாக அறிந்தவர்கள் வேறொரு வரிசையைச் சொல்வார்கள். ஒரு பழைய காரை வேகமாக்கும் வேலை பிரேக்கில் தொடங்கி என்ஜினில் முடிய வேண்டும். ஏன் அப்படி என்பதை ஓர் உண்மையான காரை வைத்து விளங்கிக்கொள்வோம். இதற்குத் தேவைப்படுவது க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான அறிவு மட்டுமே.

ஒரே என்ஜின், இரண்டு கார்கள்

1948ஆம் ஆண்டு பிரித்தானியாவில் அறிமுகமான மொரிஸ் மைனர், அலெக் இஸிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பு. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. இலங்கையில் வைத்தியர், ஆசிரியர், அரச உத்தியோகத்தர் எனப் பலரது வீட்டு முற்றத்தில் ஒரு காலத்தில் நின்ற வாகனம் அது. 1956இல் அதற்கு 948 சீ.சீ. கொள்ளளவுள்ள என்ஜின் பொருத்தப்பட்டது. அதன் வலு சுமார் 37 குதிரை வலு.

1958இல் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. இரண்டு பேர் மட்டும் அமரலாம். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு மூடியும் கிடையாது. முன்விளக்குகள் இரண்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றதால் தவளைக் கண் என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது. குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்பதற்காக, வேறு கார்களின் பாகங்களை எடுத்தே இதை உருவாக்கினார்கள். ஸ்டியரிங் தொகுதி மொரிஸ் மைனரிலிருந்து வந்தது. என்ஜினும் மைனரில் இருந்த அதே 948 சீ.சீ. வகைதான். ஆனால் வலு 43 குதிரை வலு. 1961இல் இதே கார் எம்.ஜி. மிஜெட் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது.

ஒரே அளவு என்ஜின் ஒரு காரில் 37 குதிரை வலுவையும் இன்னொன்றில் 43 குதிரை வலுவையும் தருவது எப்படி? "மாற்றியமைத்தல்" என்பதன் அடிப்படை இந்தக் கேள்வியில் இருக்கின்றது.

என்ஜின் மூச்சு விடும் விதம்

பெற்றோல் என்ஜினை ஒரு மூச்சுவிடும் இயந்திரம் எனலாம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கின்றது. மேலே ஏறும்போது அதை நெருக்குகின்றது. தீப்பொறி பட்டதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மீண்டும் மேலே வரும்போது புகை வெளியேறுகின்றது. பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது வளைதண்டு. சுழற்சியை நேர் அசைவாக மாற்றும் இதே வளைதண்டை, அல்-ஜஸரி என்ற முஸ்லிம் பொறியியலாளர் நீர் இறைக்கும் பொறியொன்றில் பயன்படுத்தி, 1206ஆம் ஆண்டு எழுதி முடித்த தமது நூலில் படத்துடன் விளக்கியிருக்கின்றார்.

என்ஜினின் வலு கூட வேண்டுமானால் அது ஒவ்வொரு மூச்சிலும் கூடுதல் கலவையை உள்ளெடுக்க வேண்டும். மைனரில் ஒரு காபரேட்டர் இருந்தது. ஸ்பிரைட்டில் இரண்டு பொருத்தினார்கள். வால்வுகளின் ஸ்பிரிங்குகளைப் பலப்படுத்தினார்கள். ஆறு குதிரை வலு கூடியது. உள்ளே செல்லும் வழியையும் வெளியேறும் வழியையும் இலகுவாக்கினால் வலு கூடும் என்பதே இதன் சாரம்.

ஆனால் "கூடுதல்" எப்போதும் நல்லதல்ல என்பதற்கு ஒரு பெண் பொறியியலாளரின் கதை சான்று. பீட்ரிஸ் ஷில்லிங் 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றவர். 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கும் கூடிய வேகத்தில் ஒரு சுற்றை முடித்துத் தங்க நட்சத்திர விருது பெற்றார். அந்த மோட்டார் சைக்கிளை அவரே மேம்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் போர் விமானங்களின் மெர்லின் என்ஜின்களில் ஒரு பிரச்சினை இருந்தது. விமானம் சட்டென மூக்கைக் கீழே சாய்த்தால் காபரேட்டரில் பெற்றோல் ஓட்டம் குழம்பும். முதலில் பெற்றோல் கிடைக்காமல் போய், அடுத்த கணம் அளவுக்கு மீறிப் பாய்ந்து என்ஜின் திணறி நின்றுவிடும். அக்காலத்தில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஷில்லிங் கண்ட தீர்வு, நடுவில் துளையுள்ள ஒரு சிறிய உலோகத் துண்டு. என்ஜினுக்குத் தேவையான அதிகபட்ச அளவைத் தாண்டிப் பெற்றோல் பாயாதபடி அது தடுத்தது. 1941இல் அவரும் அவரது குழுவினரும் விமானத் தளங்களுக்கு நேரில் சென்று அதைப் பொருத்தினார்கள். கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்ததன் மூலம் என்ஜினின் செயற்றிறனைக் கூட்டிய வேலை அது. இதே ஷில்லிங் பிற்காலத்தில் காரோட்டப் பந்தயங்களில் ஈடுபட்டபோது தேர்ந்த கார்களில் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் ஸ்பிரைட்டின் பந்தய வடிவமாகும்.

நான்கு மடங்குக் கணக்கு

இனிப் பிரேக்கை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். இயக்கப்பாட்டுச் சக்தி என்பது திணிவின் அரைப்பங்கை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவதால் கிடைப்பது என்று வகுப்பில் படித்திருக்கின்றோம். ஓட்டுநருடன் சேர்த்து 800 கிலோகிராம் திணிவுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்குச் சுமார் 14 மீற்றர். அவ்வேளை காரிடம் உள்ள சக்தி சுமார் 77 கிலோயூல். மணிக்கு 100 கிலோமீற்றரில் அதே காரிடம் சுமார் 309 கிலோயூல் இருக்கும். வேகம் இரண்டு மடங்கு. சக்தி நான்கு மடங்கு.

காரை நிறுத்துவது என்றால் இந்தச் சக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றுவது என்றே பொருள். அந்த வேலையைப் பிரேக் செய்கின்றது. நல்ல பிரேக்கும் உலர்ந்த வீதியும் இருந்தால், 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்த பின் கார் நிற்கச் சுமார் 14 மீற்றர் போதும். 100 கிலோமீற்றரில் சுமார் 55 மீற்றர் தேவை. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒரு செக்கன் எடுத்தால், அந்த ஒரு செக்கனில் கார் முதலாவது வேகத்தில் 14 மீற்றரும் இரண்டாவது வேகத்தில் 28 மீற்றரும் ஓடிவிடும். மொத்தத்தில் 28 மீற்றர் எங்கே, 83 மீற்றர் எங்கே! இந்த 55 மீற்றர் வித்தியாசத்துக்குள் வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம்.

இந்தக் கணக்கைக் கார் தயாரித்தவர்களே மதித்தார்கள். 1962இல் ஸ்பிரைட்டுக்கும் மிஜெட்டுக்கும் 1098 சீ.சீ. என்ஜினைப் பொருத்தி வலுவை 55 குதிரை வலு அளவுக்கு உயர்த்தினார்கள். அதே சமயத்தில் முன்சக்கரங்களின் ட்ரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். அதே ஆண்டு மைனரின் என்ஜினும் 1098 சீ.சீ. ஆனது, முன் ட்ரம்கள் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டன. 1961இல் சாதாரண மினி காரை ஜோன் கூப்பர் மினி கூப்பராக மாற்றியபோதும், 34 குதிரை வலு 55 ஆக உயர்ந்ததோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. என்ஜின் ஒரு படி ஏறினால் பிரேக்கும் ஒரு படி ஏறியாக வேண்டும் என்பது அவர்களது நடைமுறை.

முதலில் பிரேக்

ட்ரம் பிரேக்கில் உராய்வு மூடிய பேணி போன்ற ஒரு பாகத்துக்குள் நடக்கின்றது. வெப்பம் எளிதில் வெளியேறாது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் அது சூடாகிப் பிடி தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கின் தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகின்றது. மிஜெட்டின் டிஸ்க் பிரேக் தொகுதியை மொரிஸ் மைனருக்குப் பொருத்துவது பல நாடுகளில் நெடுங்காலமாகச் செய்யப்படும் மேம்பாடு.

இரண்டாவது, பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட்-4 தரத்திலுள்ள புதிய எண்ணெய் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் அதே தரத்துக்கான எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். மிதித்தால் பெடல் வெறுமனே கீழே போகும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது எண்ணெயை மாற்ற வேண்டும். அதிகம் செலவில்லாத, ஆனால் உயிர் காக்கும் வேலை இது.

மூன்றாவது, அக்காலக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இதை இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவது மிகப் பயனுள்ள மாற்றமாகும்.

டயர், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி

பிரேக் எவ்வளவு நல்லதாயினும் வீதியைத் தொடுவது டயர்தான். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்திலேயே நிலத்தைத் தொடுகின்றது. முழுக் காரின் பிடிமானமும் அந்த நான்கு உள்ளங்கைகளில் இருக்கின்றது. அதிகம் ஓடாத பழைய கார்களில் டயர் தேயாமலே வயதாகிவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால், பூ அழியாமல் இருந்தாலும் அது பழைய டயரே.

அடுத்து, ஷொக் எப்சோர்பர், ஸ்பிரிங், ஸ்டியரிங் மூட்டுகள், சக்கரப் பெயாரிங் ஆகியவை. இவை தளர்ந்திருக்கும் காரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் தெரியாத ஆட்டம், 100 கிலோமீற்றரில் காரையே வீதியை விட்டு இறக்கிவிடும். மூன்று இடங்களில் பிணைக்கும் இருக்கைப் பட்டியை வொல்வோ நிறுவனம் 1959இல்தான் தனது கார்களில் பொருத்தத் தொடங்கியது. எனவே 1958ஆம் ஆண்டின் ஸ்பிரைட்டுக்கு அது பிற்காலத்தில் சேர்க்க வேண்டிய ஒன்று. பட்டி பொருத்தும் இடத்தில் தகரம் துருப்பிடித்திருந்தால் பட்டி இருந்தும் பயனில்லை. ஆகவே துருவை வெட்டி அகற்றி ஒட்டுவதும் "வேகத்துக்கான" வேலைதான்.

எடையைக் குறைப்பதையும் மறக்கக் கூடாது. 800 கிலோவில் 80 கிலோவைக் குறைத்தால், எந்த வேகத்திலும் காரின் சக்தி பத்தில் ஒரு பங்கு குறையும். கார் விரைவாக வேகமெடுக்கும், விரைவாக நிற்கும், வளைவிலும் இலகுவாகத் திரும்பும். என்ஜினைத் தொடாமலே கிடைக்கும் பலன் இது.

எமது வெயிலும் ரேடியேட்டரும்

பெற்றோல் தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடப் பழைய என்ஜினில் ஓட்டமாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம். வலுவைக் கூட்டினால் வெப்பமும் கூடும். இங்கிலாந்தின் குளிருக்கு அளந்து செய்த ரேடியேட்டர் உலர் வலயத்து நண்பகலில் திணறுவது இயல்பு. எனவே ரேடியேட்டரின் உட்குழாய்களைத் துப்புரவு செய்வது, கூடுதல் வரிசைக் குழாய்கள் கொண்ட ரேடியேட்டரைப் பொருத்துவது, மின்விசிறி சேர்ப்பது ஆகியன என்ஜினை மாற்றுவதற்கு முன் நடக்க வேண்டும். சூடாகின்றது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது சரியான பரிகாரம் அல்ல. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய வெப்பநிலைக்கு வரத் தாமதமாகும். தேய்மானமும் பெற்றோல் செலவும் கூடும்.

கடைசியாக என்ஜின்

இவ்வளவும் முடிந்த பின்னர் என்ஜினைத் திறக்கலாம். முதற்படி, இருப்பதைச் சீராக்குவது. நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து, வால்வு இடைவெளியையும் தீப்பொறி நேரத்தையும் சரிப்படுத்தினாலே, பழைய என்ஜின் தொலைத்த வலுவில் பெரும் பகுதி திரும்பி வரும். அதன் பின் இரட்டைக் காபரேட்டர், இலகுவாகப் புகை வெளியேறும் குழாய், சிலிண்டர் தலையின் வழிகளைச் செப்பனிடுதல் என்று படிப்படியாகச் செல்லலாம்.

இங்கும் கவனம் தேவை. அமுக்க விகிதத்தைக் கூட்டினால் எமது நாட்டில் கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து என்ஜினைத் தட்ட வைக்கலாம். 95 ஒக்டேன் தேவைப்படும். அக்கால என்ஜின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கான நஞ்சு காற்றிலிருந்து விலகியது பெரும் நன்மை. எனவே பழைய என்ஜினுக்குக் கடினமான உலோகத்தாலான வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்வதே முறை. கூடிய வலுவை கிளட்சும் கியர் பெட்டியும் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இலங்கை செய்த பாகங்கள்

பழைய காரை இவ்வாறு மேம்படுத்துவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு மட்டுமா? அல்ல என்றவர் இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் நிலையத்தை ஆரம்பித்த சார்ள்ஸ் வெயார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கார் வாங்கிப் பழையதை எறிவதை விட, உறுதியான ஒரு காரைத் தொடர்ந்து மேம்படுத்திப் பல்லாண்டுகள் ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இல் நூலொன்றில் வாதிட்டார். அவரது நிலையத்தில் மைனர்களுக்கு டிஸ்க் பிரேக் உள்ளிட்ட மேம்பாடுகள் செய்யப்பட்டன. 1990களில் அவர் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார். எமது தொழிலாளர்களின் கையால் உருவான பாகங்கள், அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின. மைனரை ஓட்டியே பழகிய ஒரு நாடு அதன் பாகங்களைச் செய்யும் நாடாகவும் ஆனது பெருமைக்குரியது.

வேகத்துக்கு உரிய இடம்

வேகத்தைச் சோதிக்க விரும்புவோருக்கு இடங்கள் இருக்கின்றன. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் பந்தயத் தடம் என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது மோதியதில் சிறுமி ஒருவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஒழுங்குபடுத்தப்பட்ட நிகழ்விலேயே இப்படி நேருமாயின், லொறியும் பஸ்ஸும் பாடசாலைப் பிள்ளைகளும் செல்லும் பொது வீதியில் வேகத்தைச் சோதிப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

சைலன்ஸரைக் கழற்றிச் சத்தம் எழுப்புவதும் மேம்பாடு அல்ல. வைத்தியசாலையில் படுத்திருப்பவருக்கும், பள்ளிவாசலில் தொழுபவருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது தொல்லையே. என்ஜினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தொன்று நேரும்போது குடும்பமே சுமையைத் தாங்க நேரிடும்.

பெற்றோர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பெற்றோரே, உங்கள் மகன் காரையோ வேனையோ மோட்டார் சைக்கிளையோ மாற்றியமைக்கப் போகின்றேன் என்று வந்தால் உடனே ஏசிவிடாதீர்கள். இயந்திரத்தில் ஆர்வம் இருப்பது நல்ல விடயம். ஆனால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பிரேக்குக்கு என்ன செய்தாய்? டயருக்கு எத்தனை வயது? சூடாகாமல் இருக்க என்ன வழி? பதிவிலும் காப்புறுதியிலும் மாற்றினாயா? நான்குக்கும் பதில் இருந்தால் அவன் வேலை தெரிந்தவன். பதில் இல்லாவிட்டால் பணத்தை முதலில் பிரேக்குக்குக் கொடுங்கள்.

மாணவிகளே, இந்தக் கேள்விகளை உம்மாவும் வாப்பாவும் மட்டுமல்ல, நீங்களும் கேட்கலாம். நானாவின் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவர் பெரும்பாலும் நீங்கள்தானே. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் இருக்கின்றது. கணிதமும் பௌதிகமும் உங்களுக்கும் பொதுவானவை. ஒரு துளையுள்ள உலோகத் துண்டால் விமானங்களைக் காத்தவர் ஒரு பெண்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கக் கற்றுத் தந்த மார்க்கம் எம்முடையது. உயிர் எம்மிடம் தரப்பட்ட அமானிதம். வீதியில் எதிரே வருபவரின் உயிரும் அப்படியே. ஓர் இயந்திரத்துக்கு வேகத்தைக் கொடுப்பவர், அதைவிட முதலில் அதற்கு நிற்கும் ஆற்றலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.